நாற்பத்தொரு மாப்பிள்ளைகள்

மார்லிஸுக்கு அந்தச் செடியின் மேல் பத்தொன்பது வருஷ ஏக்கம். அமெரிக்காவின் தெற்கு ஓரிகனில் ஒரு செம்பாறைச் சரிவு. அதில் நாற்பத்தொரு செடிகள், விரல் உயரம், மஞ்சள் பூ. அத்தனையும் ஆண். பெண்பூ தனிச் செடியில்தான் பூக்கும். அந்தப் பெண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அது கிடைக்காவிட்டால் விதை கிடையாது. இருப்பவையும் கிழடாகிச் சாகும், அதோடு கதை முடிந்தது.

அரிய செடிகளை அடையாளம் கண்டு, காப்பாற்ற வேண்டியவற்றைப் பட்டியலிடுவது அவள் வேலை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் இப்படி மனசைப் பறிகொடுக்கக் கூடாதுதான். என்ன செய்ய, கொடுத்துவிட்டாள். ஏப்ரல் பிறந்தால் வீட்டில் கால் தரிக்காது.

"நாப்பத்தொரு பயலுக்கும் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா? என்னையும் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போ" என்பான் புருஷன் ராய், காப்பி ஃபிளாஸ்க்கை நீட்டியபடி.

இந்த மார்ச்சில், செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் பல்கலைக்கழகக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் இனெஸ் போன் செய்தாள். எங்கும் மண்டிக்கிடக்கும் சாதாரணச் செடி ஒன்றின் பழைய தாள்களை அடுக்கும்போது, ஒரு தாளில் ஒட்டியிருந்தது மட்டும் அந்த இனமாகத் தெரியவில்லையாம். இலைக்கு அடியிலுள்ள பூனைமயிர் உங்கள் பயல்களுடையது மாதிரியே இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். மூன்று மணி நேரப் பாதையை மார்லிஸ் இரண்டேகாலில் கடந்தாள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். துக்குணியூண்டு செந்நிறப் பூ, நடுவில் சூலகம். பெண்ணேதான்.

"எங்கடி இருந்தே இத்தனை நாளா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

இனெஸ் சிரிக்கவில்லை. தாளின் மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

"கையெழுத்தப் பாருங்க, மார்லிஸ்."

அவளுடைய கையெழுத்து. இருபத்திரண்டு வயதில், மாணவியாக எழுதியது. அந்தச் சாதாரணச் செடியின் பெயர், ஒரு மலையின் பெயர், கீழே ஒரு வரி: 'ஒன்றே ஒன்று இருந்தது. வேரோடு எடுத்தேன்.'

இருபது செடிகூட இல்லாத இடத்தில் ஒரு கிளையைக் கூட ஒடிக்காதே என்று இன்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தக் காய்ந்த பூவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வழக்கப்படி சரியான பெயரைச் சிறு சீட்டில் எழுதி, தேதி போட்டு, தன் பழைய தப்புக்குக் கீழே ஒட்டினாள்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் தேடினீங்க?" இனெஸ் மெதுவாகக் கேட்டாள்.

"மழை தூறிச்சு. வேன்ல எல்லாரும் எனக்காகக் காத்துட்டிருந்தாங்க. பத்து நிமிஷம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. வெறும் பத்து நிமிஷம் தேடிவிட்டுத்தான் 'ஒன்றே ஒன்று' என்று எழுதியிருக்கிறாள்.

ஏப்ரலில் அந்த மலையில் முட்டி தேயத் தவழ்ந்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்று பெயரெடுத்த மார்லிஸ், அந்த இருபத்திரண்டு வயதுக்காரி ஒழுங்காகத் தேடாத சோம்பேறியாக இருந்திருக்க வேண்டுமே என்று, ஒவ்வொரு பாறையிடுக்கிலும் வேண்டிக்கொண்டாள்.