ஏழாவது மெட்டு

சாக்ஸபோன்காரர் இருபது வருஷமாக அடுத்தவர் மெட்டையே வாசித்துச் சலித்தவர். ஓட்டல் வரவேற்பறையில் ஒரு மூலை, விருந்துகளில் யாரோ பாட ஓரமாக ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவர் உலகம். ஐம்பதைத் தொடும்போதுதான் சொந்தமாக எட்டு ஜாஸ் மெட்டு போட்டு, ஸ்டுடியோவில் நான்கு நாள் வாசித்து ஆல்பமாக்கினார். இசை முழுக்கத் தன்னுடையது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி தையல்காரி. ஆல்பம் வந்த வாரம் தன் தையல் கடையில் ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஏழாவது மெட்டு வந்ததும் மிஷினை மிதித்த கால் தானாக நின்றது. அம்மா செத்த மாதம், வாய்விட்டு அழவும் முடியாமல், வீட்டு மிஷினில் உட்கார்ந்து அவள் முணுமுணுத்தது அது. ஏறிப் போய், தயங்கி, படி தவறினாற்போல் இறங்கும் இடம்கூட அப்படியே இருந்தது.

சாயங்காலம் கேட்டாள். "என்னங்க, அந்த ஏழாவது... நான் முணுமுணுத்ததுதானே?"

வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "நீ முணுமுணுத்தது நாலு வரி. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு அதை மெட்டாக்கினது யாரு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"காத்துல போறதுக்கெல்லாம் அனுமதி வாங்குவாங்களா?"

அக்காவிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். "அவர் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதான்டி. இதைப் போய் வெளியில சொல்லாதே" என்றாள் அக்கா.

பத்திரிகையில் ஒருவர் எழுதினார்: மற்ற ஏழு மெட்டில் திறமை இருக்கிறது, ஏழாவதில் மட்டும்தான் வலி இருக்கிறது. பேட்டி எடுக்க வீட்டுக்கே வந்தார்கள். "தனியா உட்கார்ந்திருந்தேன், தானா வந்துச்சு" என்றார் சாக்ஸபோன்காரர். அடுத்த அறையில் அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது அவரே ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். "உன்னையும் போடச் சொல்லிட்டேன், பாரு."

உள்ளே இருந்த சிறு புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் இடத்தில் சவுண்ட் இன்ஜினியருக்கும் வாத்தியம் பழுதுபார்த்தவருக்கும் கீழே இருந்தது: 'என் மனைவிக்கு, அவள் பொறுமைக்கு.'

"திருப்தியா?"

"பொறுமை தீர்ந்துபோச்சுங்க. மூணாம் பதிப்புல எடுத்துடுங்க" என்றாள்.

மறுநாளே இரண்டு ஆட்களை வைத்து வீட்டு மிஷினைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனாள். ஒரு வாரத்தில் தன் துணிமணியையும் கொண்டுபோனாள்.