இரண்டாம் கியரும் இடது பக்கக் கதவும்

துரைக்கு ஐம்பத்திரண்டு வயது. இத்தனை வயதில் அவன் ஒழுங்காகக் கட்டிக்காத்தது ஒரே ஒரு பொய்யைத்தான். அவன் ஓட்டிவந்த பழைய லோடு வண்டியின் இடது பக்கக் கதவு பூட்டாது என்பதே அந்தப் பொய்.

கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்தினால் சமர்த்தாகப் பூட்டிக்கொள்ளும். இது தனக்கும் கதவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி என்று ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான். வண்டி முதலாளி தசரதன் கேட்கும்போதெல்லாம், “நாளைக்கு மெக்கானிக்காண்ட காட்டிட்றேன்” என்பான். அந்த நாளை வரவே இல்லை. கதவை வலைக் கயிற்றால் சீட்டுக் கம்பியோடு கட்டி, அந்தப் பக்கம் மீன் கூடைகளை அடுக்கிவிடுவான். மிச்சம் இருப்பது நடு சீட்டுதான். முத்தாலம்மாள் அதில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

முத்தாலம்மாளும் துரையைப் போலக் கோவளத்துக்காரிதான். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, துரை ஓட்டும் வண்டியில் ஏறி, தாம்பரத்திலும் அனகாபுத்தூர்ச் சந்துகளிலும் விற்றுவிட்டு மத்தியானம் அதே வண்டியில் திரும்புவாள். அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. துரையின் மனைவியும் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இரண்டு பேர் பிள்ளைகளும் கல்யாணம் கட்டிக்கொண்டு தனித்தனியாகப் போயாயிற்று. தடை சொல்ல ஆளில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். துரைக்கு வாய் இருந்தது, டீ குடிக்க மட்டும் உதவியது.

ஆனால் அந்த வண்டியில் வாய்க்கு வேலையில்லை. கியர் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. உச்சியில் தேய்ந்துபோன கறுப்புக் குமிழ். முதல் கியரும் மூன்றாம் கியரும் முன்னால் போய்விடும். இரண்டாம் கியரும் நாலாம் கியரும் பின்னால் வரும், நேராக அவள் முழங்காலுக்கு. முதல் மாதம் “காலு” என்று சொல்லிவிட்டுத்தான் இழுப்பான். பிறகு அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. கேளம்பாக்கம் தாண்டி மாம்பாக்கம் வேகத்தடை வருவதற்கு முன்பே, அவன் கிளட்சை மிதிக்கும் முன்பே, அவள் கால்களைச் சேர்த்து இடது பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். கியர் விழுந்ததும் கால்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். சந்தில் திரும்புவானா, முந்துவானா, எதிரே வருகிற பஸ்ஸுக்கு அடங்கிப் போவானா எல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவன் மனைவிக்குக்கூட அவனைப் பற்றி அவ்வளவு தெரியாது.

ஒரு நாளும் கை பட்டதில்லை. படக்கூடாது என்று அவனும், இடிக்கக்கூடாது என்று அவளும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். அந்தக் கவனத்திலேயே அவனுக்கு வயிறு நிறைந்தது. வண்டலூர் ரோடு காலியாகக் கிடக்கும் நாட்களில் அவசியமே இல்லாமல் இரண்டாம் கியருக்கு வருவான். வண்டி முனகும். அவள் கால்களை ஒதுக்குவாள், ஒன்றும் கேட்க மாட்டாள். டீசல் தசரதன் கணக்கு.

இந்தத் தை மாதம் தசரதன் அந்த வண்டியைத் தள்ளிவிட்டுக் கரண்டு வண்டி வாங்கினார். சின்னதாக, வெள்ளையாக, குழந்தைக்கு வாங்கிய பொம்மை மாதிரி இருந்தது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு திருகு. வலது பக்கம் திருகினால் முன்னால் போகும், இடது பக்கம் திருகினால் பின்னால் போகும். இரண்டே சீட்டு. நடுவில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு தட்டு. இடது பக்கக் கதவு, கேட்பானேன், விரலால் தள்ளினாலே பூட்டிக்கொண்டது.

முதல் நாள் முத்தாலம்மாள் அந்தக் கதவோரம் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். எட்டிக் கைநீட்டினால் தொட்டுவிடலாம், ஆனாலும் அவள் வேறு ஊரில் உட்கார்ந்திருந்தாள். பழைய வண்டியில் பேசாமல் வருவதற்கு இன்ஜின் சத்தம் ஒரு சாக்கு. இதில் சத்தமும் இல்லை. இரண்டு பேர் மூச்சும் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாள் போகப்போகத் தூங்கவும் ஆரம்பித்தாள். வேலையற்ற இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் துரை அதைத் தொடைமேல் போட்டுக்கொண்டு ஓட்டினான்.

போன வாரம் அவள் சொன்னாள். “பொழிச்சலூர்ல எம்பொண்ணு நிஷா கூப்புட்டுகினே கீறா. மருமவப்புள்ள பம்மல் மார்க்கெட்ல எடம் பாத்துட்டாராம். காசிமேட்டு மீனு அங்கயே வந்து எறங்கிடுமாம். ஆடி பொறந்தா வூடு மாறக்கூடாது. ஆனி முடியறதுக்குள்ள போய்டலாம்னு கீறேன்.”

துரை ரோட்டைப் பார்த்தபடி, “நல்லது” என்றான்.

நல்லதாம்! அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘போவாத முத்தாலு’ என்பதற்கு எத்தனை எழுத்து இருக்கிறது, அதைச் சொல்ல முடியாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

ஆனி கடைசி வாரம். மீன் விற்றுத் திரும்பும் வழியில் பெருங்களத்தூரில் வண்டியை சார்ஜ் போட நிறுத்தினான். அங்கே புங்க மரத்தடியில் டீக்கடையை ஒட்டி நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் போன். இந்தக் கரண்டு வண்டி செய்கிற கம்பெனியிலிருந்து வந்திருக்கிறாளாம், விஷ்ணுப்ரியா என்று பெயர். அடுத்த மாடலில் இந்தத் திருகே போதுமா, பழைய கியர் மாதிரி குச்சி வேண்டுமா, எங்கே வைக்கலாம் என்று ஓட்டுகிறவர்களிடமே கேட்கிறாளாம். கருத்து சொன்னவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு. பிஸ்கட் என்றதும் நம்மாட்களிடம் கருத்துக்கா பஞ்சம்?

பால் வண்டி ஓட்டும் ஜாய்சன் திருகுக்குக் கொடி பிடித்தான். “இப்பதான் சிஸ்டர் மனுசன் மாதிரி வீட்டுக்குப் போறேன். முன்னல்லாம் பல்லாவரம் டிராபிக்ல கியர் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழண்டுரும்.”

தண்ணீர் கேன் போடும் மோகன்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. “போய்யா. மிக்சி திருகற மாரி கீது. கைல கெட்டியா ஒண்ணு புடிக்க இல்லன்னா அது இன்னா வண்டி? எம்மா, குச்சி வைம்மா. டேஷ்போர்டுலயாச்சும் வை.”

விஷ்ணுப்ரியா எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டு துரையிடம் வந்தாள். “அண்ணா, உங்களுக்கு இந்த டயல் கம்ஃபர்ட்டபிளா இருக்கா?”

“நல்லாத்தான் கீதும்மா.”

“பழைய கியர்ல இருந்து ஏதாவது மிஸ் பண்றீங்களா?”

துரை தன் இடது கையைப் பார்த்தான். உள்ளங்கை நடுவில் குமிழ் பதிந்து காய்த்த தழும்பு இன்னும் இருந்தது. சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றான்.

“என்னை இன்னான்னு கேக்க மாட்டியாம்மா?”

முத்தாலம்மாள்தான். பெஞ்சில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீங்களும் ஓட்டுவீங்களாக்கா?”

“ஓட்டத் தெரியாது. அஞ்சு வருசமா அந்தப் பழைய கியராண்ட குந்திகினு வந்தவ நானு. என்னக் கேட்டா கியரு நடுவுலதான் இருக்கணும். ஓட்றவன் மனசுல இன்னா கீதுன்னு பக்கத்துல குந்தினு வர்றவளுக்குத் தெரிஞ்சிகினே இருக்கும். இத்த ஒருவாட்டி திருகிவுட்டா வூடு வர்ற வரிக்கும் ஒண்ணும் தெரியல. மரம் மாரி வர்றான்.”

டிரைவர்கள் சிரித்தார்கள். துரையின் காது சூடாகிவிட்டது.

விஷ்ணுப்ரியா விடவில்லை. “ஆனா நடுவுல உக்காந்தா கால் இடிக்குமேக்கா. நீங்க டோர் சைடு உக்காந்திருக்கலாமே?”

துரை பதறிக்கொண்டு குறுக்கே விழுந்தான். “அந்த வண்டில லெப்ட்டு கதவு பூட்டாதும்மா.”

“பூட்டும்” என்றாள் முத்தாலம்மாள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்வதுபோலவே சொன்னாள். “லேசா தூக்கிச் சாத்தினா பூட்டிக்கும். மொத வருசமே தெரியும். இந்தாளு கண்டிகைல டீ குடிக்கப் போனப்ப கூடைய எடுக்கலாம்னு கயித்த அவுத்துத் தொறந்தேன். சாத்துனேன், பூட்டிகிச்சி. மறுக்கா தொறந்து, கயித்தக் கட்டிட்டு, நடுவுல வந்து குந்திகினேன்.”

விஷ்ணுப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ டோர் லாக் பிராப்ளம்னு போட்டுக்கவாக்கா?” என்றாள்.

“போட்டுக்கோ கண்ணு.”

துரைக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் கயிற்றின் முடிச்சு, அவன் போட்டதைவிட இறுக்கமாகவே இருந்தது. அவிழ்க்க முடியாமல் நகம் பெயர்ந்திருக்கிறது. மழையில் நனைந்து இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன். நாலு வருஷம் அந்த முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு அவள் காத்திருந்திருக்கிறாள். அவன் இரண்டாம் கியர் போட்டுக்கொண்டிருந்தான்.

சார்ஜ் ஏறிவிட்டது. இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அவன் சாவியைத் திருகினான். விளக்குகள் எரிந்தன, சத்தம் ஏதும் இல்லை. ஒளிந்துகொள்ள இன்ஜின் இல்லாத வண்டியில், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி அவன் சொன்னான்.

“பொழிச்சலூர் போவாத முத்தாலு. எங்கூடவே இரு. எங்... எங்க வூட்லயே இரு.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த ஒரு பேச்ச பேசறதுக்கு ஒரு வண்டியவே விக்க வேண்டியதாப் போச்சாய்யா ஒனக்கு?” என்றாள். பிறகு நடுத்தட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் காலடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள்.