உலைக்குள் கோபித்துக்கொண்ட நிக்கல்

ஆயுதபூஜை அன்று கோக் கரிக்குச் சந்தனம் வைத்தார்கள், நிக்கல் தாதுவுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். மறுநாள் தாது இறங்கவில்லை.

எங்களுடையது ஐம்பது அடி உயர உலை. உச்சியில் தாதுவையும் கோக்கையும் கொட்டுவோம். இறங்குகிற வழியில் தாது தன் ஆக்சிஜனை, நாங்கள் மூச்சு என்போம், கோக்கிடம் கொடுத்துவிட வேண்டும். அடியில் இரும்பும் நிக்கலும் கலந்து உருகி ஓடும். முப்பத்தோரு வருடம் அப்படித்தான் நடந்தது. அன்று பாதி வழியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"அண்ணே, எறங்க மாட்டேங்குது" என்று உச்சியிலிருந்து கத்தினான் இருதயராஜ்.

"சொல்லிப் பாத்தியா?"

"பாத்துட்டேன். மொகத்தத் திருப்பிக்குது."

சாயங்காலத்துக்குள் இறங்காவிட்டால் அடியில் உருகியது உறைந்துவிடும். உலை உறைந்தால் ஃபோர்மேன் குடும்பத்தோடு அதற்குள் குடிபோக வேண்டும். விதி. ஃபோர்மேன் நான். எனக்கு முன்பு இருந்த சங்கிலிமுத்து பதினாறு வருடமாக இரண்டாம் உலைக்குள்தான் இருக்கிறார். பார்வைத் துளை வழியே கூப்பிட்டார்.

"வாங்க தம்பி, இனி பக்கத்து வீடு. கொஞ்சம் புழுக்கமா இருக்கும், அவ்வளவுதான்."

அந்த மாதம்தான் என் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தேன்.

மேனேஜர் தயாபரன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "இப்ப வச்சுட்டா சரியாப் போயிடும்ல?"

"பந்தி முடிஞ்சப்புறம் எல போட்டா எவன் சார் உக்காருவான்?"

கேட்கவில்லை. வைத்தார். தாது அரை அடி மேலே ஏறியது. பிறகு சுற்றறிக்கை வாசித்தார். இன்னும் ஓரடி.

நாலு மணிக்கு கேன்டீன் எஸ்தர் வந்தாள். "அதுங்க சொந்தத்துல பெரியவங்க யாரையாச்சும் கூப்ட்டீங்களா?"

"கல்லுக்கு ஏதும்மா பெரியவங்க?"

"ஏன், எங்க சாம்பார் வாளி இல்ல? எவர்சில்வர்ல இருக்கிறது எந்த வீட்டு நிக்கலாம்?"

இத்தனை பேருக்கும் இது தோன்றவில்லை. சம்பளம் மட்டும் வாங்குகிறோம்.

வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். உள்ளே என்ன பேச்சு நடந்ததென்று தெரியாது, எனக்கு அதற்கு நேரமும் இல்லை. பத்து நிமிடம் போயிருக்கும். நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. தாது இறங்கியது. அடியில் உலோகம் ஓடியது. வாளியை மேலே இழுத்தோம். சாம்பார் நன்றாகக் கொதித்திருந்தது.

சங்கிலிமுத்து துளையைப் படாரென்று மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை என் நாற்காலியில் வாளி இருந்தது. தயாபரன் என் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். புதுப் பலகை தேவைப்படவில்லை. பாத்திரக் கடையில் வெட்டிய பெயர் வாளியின் கழுத்திலேயே இருந்தது, கு. பங்கஜவல்லி என்று, கூடவே தேதியும். என்னைவிட நாலு வருடம் சீனியர். வணக்கம் வைத்துவிட்டு, அன்றைய உத்தரவு என்னவென்று கேட்டு நின்றேன்.