வெங்கடம்மாள் கிளம்பிய வழி

கரடிப்பள்ளி மணியக்காரர் நாராயணப்பனின் தாயார் வெங்கடம்மாள் 1955ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் காலமானார். ஆனால் கார்த்திகை வரைக்கும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. காரணம், பறை வரவில்லை. அந்த வருஷம் சூளகிரிச் சந்தையில் புளி விலை இறங்கியிருந்தது, கொள்ளு ஏறியிருந்தது, வெங்கடம்மாள் கிளம்பாமல் இருந்தார். ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குக் குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, நெற்றியில் காசு வைத்துப் பாடையில் கிடத்தியாயிற்று. தூக்க வந்தவர்கள் நல்ல பலசாலிகள். பாடை அசையவில்லை. இன்னும் ஆட்களைக் கூப்பிட்டுச் சுற்றிலும் பிடிக்கச் சொன்னார்கள். மூங்கில் முறிந்ததுதான் மிச்சம். அப்போது வெங்கடம்மாள் கண்ணைத் திறந்து, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "பறை எங்கடா?" என்று மகனைக் கேட்டார். வரவில்லை என்றதும், "அப்ப நான் எதுக்கு இப்பிடிப் படுத்துக் கெடக்கணும்?" என்று இறங்கி உள்ளே போய்விட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து, இறந்தது இறந்ததுதான், அதில் சந்தேகமே வேண்டாம் என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பறை வராததற்கு யாரை நோவது என்று நாராயணப்பனுக்குத் தெரியும். முந்தின வருஷம் ஐப்பசியில் பறைக்காரர் திம்மராயனின் மனைவி மாரம்மா இறந்துபோனார். மணியக்காரரின் மகள் செல்வம்மாள் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் இந்த மாரம்மாதான். அப்போது ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. திம்மராயன் தெருவிலிருந்து இடுகாட்டுக்கு நனையாமல் போக வேண்டுமானால் மணியக்காரரின் கேழ்வரகுக் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். விளைந்து நிற்கிற பயிருக்குள் அந்தத் தெருப் பிணம் வரக் கூடாது என்று நாராயணப்பன் வரப்பு முனையில் நின்று கையை நீட்டி மறித்தார். பிறகு அவர்கள் ஓடையில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் திம்மராயன் பறையைக் கூரை எரவாணத்தில் செருகினார். அவர்கள் தெருவில் கூடிப் பேசி, இனி எவர் சாவுக்கும் பறை அடிப்பதில்லை என்று முடிவு கட்டினார்கள். அதுவரை நாராயணப்பனை 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த திம்மராயன் மறுநாளிலிருந்து 'மணியக்காரரே' என்றார். பறை போனதைவிட நாராயணப்பனுக்கு அதுதான் முதலில் உறைத்தது.

செத்த பிறகு வெங்கடம்மாளுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, வேலையும் இல்லை. ஆகவே ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டை நடத்தினார். கோபம் வந்தால் தெலுங்கு, விலை பேசினால் கன்னடம், மனசு இளகினால் தமிழ் என்று உயிரோடிருந்தபோது இருந்த வழக்கத்தில் மாற்றம் இல்லை. களி கிண்டும் வாசனையை வைத்தே உப்புக் குறைவு என்று சொல்லிவிடுவார், குறைவாகத்தான் இருக்கும். "உசுரோட இருந்தப்பவாச்சும் மாமியாரு தூங்கற நேரம்னு ஒண்ணு இருந்துச்சு" என்று மருமகள் கெம்பம்மா கிணற்றடியில் சொல்லி அழுதார். பிணம் இருக்கிற வீட்டில் விளக்கேற்றி நல்ல காரியம் செய்ய முடியாது. செல்வம்மாளுக்கு ஊத்தங்கரையில் மாப்பிள்ளை பேசித் தையில் முகூர்த்தம் வைத்திருந்தது. பெரியம்மா கிளம்பின பிறகு மேற்கொண்டு பேசலாம் என்று சம்பந்தி வீட்டார் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மரியாதை எத்தனை மாதம் தாங்கும் என்ற கவலையில் நாராயணப்பன் பாதியாகிப் போனார். போதாததற்குக் கேழ்வரகுக் கொல்லையின் வரப்பு முனையில் ஒரு வருஷமாகக் காயாத ஈரம். கோடையிலும் அங்கே சொதசொதவென்றே கிடந்தது. நண்டு வளையாக இருக்கும் என்று மண்ணைப் போட்டு மிதித்துப் பார்த்தார். மண்ணும் ஊறிப்போயிற்று.

வழி சொன்னவர் தோல் வியாபாரி லால் பாஷா. ஐப்பசி மாதம் முழுக்கக் காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணைக் கரை மாந்தோப்பில் ஊர்கள் சேர்ந்து ஒரு இசை விழா நடத்துவதாகவும், அதற்குத் தோல் தருவது தாம்தான் என்றும் சொன்னார். அங்கே சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது இல்லையாம். வாத்தியத்துக்கு ஒரு பந்தல். குழலோ உடுக்கையோ பம்பையோ, வருகிறவர் தம் கையாலேயே செய்து, அதில் ஒரு மெட்டோ அடியோ வாசிக்கப் பழகி, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். "பறைக்கும் ஒரு பந்தல் போடறாங்க, மணியக்காரரே. ஒக்காரப்போறது நம்ம திம்மராயன்" என்றார் லால் பாஷா. நாராயணப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. பறையே வேண்டாமென்று விட்டவர் எதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று கேட்டார். அதையேதான் விழாக்காரர்களும் கேட்டார்களாம். எங்களுக்கு வேண்டாமென்று விட்டாயிற்று, வேண்டியவர்கள் வந்து கற்றுக்கொள்ளட்டும், எந்தத் தெருக்காரரானாலும் ஒரே பாயில் உட்கார்ந்து தோலைத் தாமே சுரண்ட வேண்டும் என்றாராம் திம்மராயன்.

தோலைச் சுரண்டுவதா என்று நாராயணப்பன் யோசித்தார். யோசித்து, மணியக்காரர் குடும்பம் எப்போதும் செய்வதையே செய்தார்: தமக்குப் பதில் ஆள் அனுப்பினார். ஏரி மராமத்துக்கு அப்படித்தான், ரோட்டு வேலைக்கும் அப்படித்தான். பண்ணையாள் எல்லப்பன் போய் உட்கார்ந்து, நல்ல பறையாகவே ஒன்று செய்து, அடிக்கவும் பழகிக்கொண்டு வந்தான். வாசலில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சி அவன் அடித்தபோது ஊரே கூடிவிட்டது. வெங்கடம்மாள் ஆட்டுக்கல்லை விட்டு எழவில்லை. "எனக்கில்ல இது" என்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் அதே நேரத்தில் எல்லப்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையின் மூலையிலிருந்து அவனுடைய தகப்பன் எழுந்து வெளியே வந்தார். பறைக்குக் கொடுக்க வழியில்லாமல் புதைக்கப்பட்டவர், இத்தனை வருஷமும் அங்கேதான் குந்தியிருந்திருக்கிறார். அடுப்பெரிக்கப் பருத்தி மார் பொறுக்க வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இடுகாட்டுப் பக்கம் நடந்து போனார். மாடு ஏன் அந்த மூலையில் படுக்காது என்ற சந்தேகம் எல்லப்பன் பெண்டாட்டிக்கு அன்றைக்குத்தான் தீர்ந்தது. எல்லப்பன் பறையைக் கீழே வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

மறுநாள் நாராயணப்பன் தாமே பஸ் ஏறினார். மாந்தோப்பில் குழல் பந்தலில் நிற்க இடமில்லை. உடுக்கைப் பந்தலில் காவேரிப்பட்டினத்து மளிகைக் கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கயிறு முறுக்கினார்கள். பறைப் பந்தலில் திம்மராயனும் ஒரு பாயும்தான். நாராயணப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாயில் உட்கார்ந்தார். எல்லப்பன் அடித்ததையும் நடந்ததையும் சொன்னார். "பறை யாரு கையில ஆச்சோ, அவங்க அனுப்ப வேண்டியவங்களத்தான் அனுப்பும். ஆள் வெச்சு அம்மாவ அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் திம்மராயன் ஊறின கன்றுத்தோலை அவர் முன்னால் போட்டார். நாற்றத்தில் நாராயணப்பனுக்குக் கண் இருண்டது. மயிர் சுரண்டினார். மூன்று துண்டு வேப்பமரத்தை வளைவாக இழைத்துச் சேர்த்தார். புளியங்கொட்டையை வறுத்து இடித்துப் பசை காய்ச்சும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அவரை அந்தப் பாயில் பார்த்த சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, அவர் வீட்டில் இனித் தண்ணீர் குடிப்பதில்லை என்று நாலைந்து குடும்பங்கள் முடிவு செய்தன. செத்தவர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் ஆவணியிலிருந்தே யாரும் தண்ணீர் குடிக்காததால் இதில் புது நஷ்டம் எதுவும் இல்லை.

தோல் காய்ந்து அடிக்கத் தொடங்கியதும் வேறொரு தொல்லை. வலது கைக் கட்டைக் குச்சி ஒழுங்காக விழுந்தது. இடது கையிலிருக்கும் மெல்லிய நீளக் குச்சி எப்போதும் ஒரு நூல் பிந்தி வந்தது. "எடது கை பின்னாடி வருது, மணியக்காரரே" என்று திம்மராயன் காலையிலும் சொன்னார், மாலையிலும் சொன்னார். அதைத் தவிர அதிகம் பேசவில்லை. ஒருநாள் சோற்று நேரத்தில் நாராயணப்பன்தான் வாயை விட்டார். மாரம்மா சாவுக்கு எப்படிப் பறை அடித்தீர் என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திம்மராயன் கையைக் கழுவினார். "அடிக்கல. ஓடைத் தண்ணியில எறங்குனா பறை நனையுமில்ல? நனைஞ்ச தோலு பேசாது. ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சவன், எம் பொண்டாட்டிய ஊமையாக் கொண்டுபோனேன்" என்றார். நாராயணப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், பறையை எடுத்து இடது கையைச் சாதகம் செய்தார்.

கார்த்திகை பிறந்ததும் பறையோடு வீடு வந்து சேர்ந்தார். வெங்கடம்மாள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, உள்ளங்கையை விரித்துக் கொப்புளங்களைத் தடவிப் பார்த்தார். அந்தக் கை சில்லென்றிருந்தது. அம்மா தம் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று நாராயணப்பன் நினைத்துப் பார்த்தார், நினைவில் வரவில்லை. இப்படியே இருந்துவிட்டால்தான் என்ன, கல்யாணத்தை அம்மாவை வைத்துக்கொண்டே நடத்தினால் என்ன என்று தோன்றியது. வெங்கடம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது. "சாமி, புள்ளைக்குக் கல்யாணம் வர்ற வேளையில செத்தவ எதுக்கு நடு வூட்டுல? நாளைக்குக் காலையில கெளம்பலாம்டா" என்று தமிழில் சொன்னார்.

மறுநாள் வெயில் ஏறினதும் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி நாராயணப்பன் அடித்தார். முதல் அடியிலேயே வெங்கடம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். பாடை கட்டியிருந்தது, நடந்தே வருகிறேன், மூங்கிலை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கெம்பம்மாவிடம் உப்பு டப்பாவை ஒப்படைத்தார். மகன் முன்னால் அடித்துக்கொண்டு போக, தாயார் பின்னால் நடக்க, அவருக்குப் பின்னால் ஊர் போயிற்று. ஏரிக்கரை வண்டிப் பாதைக்குத் திரும்புகிற இடத்தில் வெங்கடம்மாள் நின்றார். நாராயணப்பன் அடித்துப் பார்த்தார், திரும்பிப் பார்த்தார். அம்மா கேழ்வரகுக் கொல்லையின் வரப்பு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, ஒரு வருஷமாகக் காயாத அந்த ஈரத்தின் மேல், சேலையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட மாரம்மா நின்றிருந்தார். திம்மராயனுக்கு அது முன்பே தெரியும். விடியற்காலையில் அந்தப் பக்கமாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது ஓடைக்கு அக்கரையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்நேரமாடி நிக்கற?" என்று வெங்கடம்மாள் கேட்டார்.

"வழி விடட்டும்னு நிக்கறேன், பெரியம்மா" என்றார் மாரம்மா.

நாராயணப்பன் கை நின்றுவிட்டது. கேழ்வரகு அந்த வருஷம் நன்றாக விளைந்து, கதிர் மடங்கி அறுப்புக்கு நின்றது. அவர் கையை நீட்டி மறித்த அதே இடம். தாம் அனுப்ப வேண்டியவர் ஒருவர் அல்ல என்று அப்போது விளங்கியது. கண் நிறைந்து குச்சி தெரியவில்லை. "வாம்மா, மாரம்மா" என்று சொல்லிவிட்டு, பறையை அடித்துக்கொண்டு விளைந்த பயிருக்குள் இறங்கினார். காய்ந்த கால்களோடு ஒருவரும் ஈரக் கால்களோடு ஒருவருமாக இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே பின்னால் வந்தார்கள். செல்வம்மாள் பிறந்தபோது கொடி சுற்றியிருந்ததைப் பற்றிப் பேசினார்கள் என்று பக்கத்தில் போனவர்கள் சொன்னார்கள். திம்மராயன் ஓடையைத் தாண்டி வந்து மனைவிக்குப் பின்னால் நடந்தார். இடது பக்கம் சுடுகாடு, வலது பக்கம் இடுகாடு. வெங்கடம்மாள் விறகின் மேல் தாமே ஏறிப் படுத்து, சேலையைச் சரிசெய்துகொண்டார். மாரம்மா தன் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வரப்பு முனை அன்று மத்தியானமே காய்ந்துவிட்டது. தையில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் பந்தியில் உப்புச் சரியாக இருந்ததென்றார்கள்.

அவர்கள் நடந்த தடத்தில் மட்டும் பிறகு கேழ்வரகு முளைக்கவில்லை. நாராயணப்பனும் அங்கே விதைக்கவில்லை. அவருடைய தெருக்காரர்கள் தங்கள் பெரியவர்களும் கிளம்பாமல் உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில் வீட்டுக்கு ஒருவராகப் பறை செய்து வைத்துக்கொண்டார்கள். திம்மராயன் தெருவில் யாரும் அதைத் தொடவில்லை.

1959இல் திம்மராயன் இறந்தபோது நாராயணப்பன் பறையோடு போய் அந்தத் தெரு முனையில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். திம்மராயனின் தம்பி ஆஞ்சப்பன் வந்து, "நம்ம தெருச் சாவுக்குப் பறை இல்லீங்க. அண்ணன் போட்ட கட்டுப்பாடு" என்றார். அது நியாயமாகவே பட்டதால் நாராயணப்பன் திரும்பினார். அப்போது பாடையில் கிடந்த திம்மராயன் ஒரு கண்ணைத் திறந்து, "அவரு அடிக்கட்டும், உடு. கத்துக்கிட்டாரான்னு பாக்கணும்" என்றார். நாராயணப்பன் பறையைக் காய்ச்சி, தெரிந்ததையெல்லாம் சேர்த்து அடித்தார். திம்மராயன் எழுந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். "எடது கை இன்னமும் பின்னாடிதான் வருது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாடை லேசாக இருந்தது. கேழ்வரகுக்கு நடுவிலிருந்த தடத்திலேயே கொண்டுபோனார்கள். அந்த வருஷம் மழை குறைவு, விளைச்சல் சுமார்தான்.