ஸ்டார்ட் ஆகாத ஜீப்

அம்மாவின் தோளில் கடைசிச் செம்புத் தண்ணீரை ஊற்றும்போது வாசலில் ஜீப் மறுபடியும் அலறியது. முபீனா ஊற்றியதில் பாதித் தண்ணீர் பலகைக்கு வெளியே போய்விட்டது.

"யாராச்சும் போயி அந்தச் சனியன நிறுத்தச் சொல்லுங்கடி. மய்யித்து வீடா, சந்தையா இது?" என்றாள் பெரியம்மா ஷாஹீதா.

அதுவே நின்றது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. அம்மாவைத் துடைத்து, கஃபன் துணியில் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். அம்மா அஜ்மல் பீவிக்குத் தூங்கும்போதும் நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்கும். இப்போது அதைக் காணவில்லை. முபீனாவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஊரே வந்து முகம் பார்த்தது. பெற்ற மகன் மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை. அண்ணன் அசீம் விடிந்ததிலிருந்து ஜீப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பழங்காநத்தத்தின் அந்தச் சந்தில் ஜீப் பாதி வழியை அடைத்து நின்றது. அசீம் வைத்திருப்பது மொபைல் கடை. விடுமுறை நாளில் கல்குவாரி மேட்டிலும் கண்மாய்க் கரையிலும் ஏற்றி இறக்குவதற்காக, திருமங்கலத்தில் ஒருவரிடம் அந்த ஃபோர் வீல் ஜீப்பைப் பழசாக வாங்கியிருந்தான். யாரும் ஆட்டையைப் போட்டுவிடக்கூடாது என்று வீடியோ பார்த்து அலாரம் ஒன்றையும் தானே மாட்டினான். அம்மாவுக்கு வண்டியைக் கண்டால் பயம். ஆனால் மகன் ஓட்டிவரும் அழகைப் பார்க்க மாடிக்கு ஏறிவிடுவாள்.

நேற்று அந்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளை இந்த வண்டியில்தான் தூக்கிப் போட்டான். சாவியைத் திருகியும் இஞ்சின் பிடிக்கவில்லை. முகப்பில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு துடித்தது, அலாரம் அலறியது. திருகத் திருக அதே கதை. கடைசியில் அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்ததை அத்தா பீர் முகமது கேட்டுவிட்டார். அப்போதிருந்து அவர் வாயில் ஒரே வார்த்தைதான். அது ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தெரியவேண்டும்.

இப்போதும் அவர் ஜீப்புக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டலாம் என்றபோது, தெரிகிறவரைக்கும் நகர்த்தாதே என்று தடுத்தவரும் அவர்தான்.

அசீம் ஓட்டுநர் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வாண்ணே. லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போகணும். மொகத்த மூடப் போறாக."

"வாரேன். சோணையண்ணன் வரட்டும்."

வண்டிக்கு வயரிங் பார்க்கும் சோணை டெஸ்டரும் கையுமாக அப்போதுதான் பைக்கை நிறுத்தினார். அத்தாவைக் கும்பிட்டுவிட்டு, "சாவியக் குடு மாப்ள" என்றார். வாங்கித் திருகினார். ஒரே திருகில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

சந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டது. அத்தா எழுந்துவிட்டார்.

"ஓடுதே மாப்ள!" சோணை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதற்கும் ஓடியது. "நேத்துச் சாவி வெளக்கு துடிச்சுச்சுன்னு சொன்னீல்ல? இந்தச் சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அத வண்டி படிச்சாத்தான் இஞ்சின விடும். சில பேரு ரெண்டு சாவியையும் ஒண்ணா கட்டி வச்சிருவாக. ரெண்டு சிப்பும் ஒட்டிக் கெடந்தா, எதப் படிக்கிறதுன்னு வண்டி கொழம்பிப்போயி நின்டுரும். அப்டி எதும் சேத்து வச்சிருந்தியா?"

முபீனா அண்ணனைப் பார்த்தாள்.

நேற்று மதியம் அம்மா தர்காவில் ஓதி வாங்கிய பச்சை நூலோடு வந்தாள். பீரோவில் கிடந்த இன்னொரு சாவியை எடுத்து, "இது ஒத்தையில கெடந்தா தொலைச்சுப்புடுவான். ரெண்டும் சேந்து இருக்கட்டும், வண்டிக்கும் காவலா இருக்கும்" என்றாள். அதையும் அவன் தினம் ஓட்டும் சாவியையும் தலைக்குத் தலை ஒட்டவைத்து, நூலை இறுக்கிச் சுற்றினாள். "முடிச்சுல வெரல வையிடி" என்றாள். முபீனா வைத்தாள்.

"இல்லண்ணே, ஒரு சாவிதான்" என்றான் அசீம். "நான் மாட்டுன அலாரந்தான் கோளாறு. இப்பத்தான் அத்துவிட்டேன்."

சோணை குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் பார்த்தார். ஒயர்கள் கன்னாபின்னாவென்று அறுபட்டுத் தொங்கின. "அத்துவிட்டதும் ஓடுதுன்னா அப்ப அதேதான். சிப்பப் படிக்கிற இமொபிலைசர் ஒயர்ல போயிச் சேத்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாப்ள."

அசீமின் சட்டைப் பையிலிருந்து பச்சை நூலின் நுனி எட்டிப் பார்த்தது. பல்லால் கடித்து அறுத்த நூல். முபீனா அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான். நுனியை விரலால் உள்ளே தள்ளினான்.

"அப்ப நீதான்" என்றார் அத்தா.

"ஆமாத்தா."

"அத்தா, அது வந்து..." முபீனாவுக்கு வாய்வரை வந்துவிட்டது.

"முபீனா." அசீமின் குரல் உடைந்தது. "உள்ள போ நீ."

அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தன் கையாலேயே கட்டிய முடிச்சு என்று சொன்னால், இந்த மனிதர் மிச்ச நாளையெல்லாம் அந்த முடிச்சை நினைத்தே தின்பார், உறங்குவார். சொல்லாவிட்டால் மகனை நினைத்து. அண்ணன்மேல் அவளுக்குப் பாசமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. முடிச்சில் விரல் வைத்தவள் அவள், பழியைத் தனியாகச் சுமப்பவன் அவனா? ஆனால் வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடியதற்காகத் தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அசீம் உள்ளே போனான். அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, நெற்றியில் முத்தமிட்டு, காதருகே என்னவோ சொன்னான். பெரியம்மா அவன் முதுகில் அறைந்தாள். சேதி அதற்குள் அடுப்படிவரை வந்திருந்தது.

"பாவி, ஒன் கையாலயே பண்ணிட்டியேடா!"

"ஆமா பெரிம்மா" என்று அவன் வாங்கிக்கொண்டான்.

முகத்தை மூடினார்கள். அம்மாவைச் சந்தூக்கில் வைத்து ஆண்கள் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். மகன்தான் முன்னால் பிடிப்பது வழக்கம். அசீம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்பக்கக் கம்பில் கை வைத்தான்.

"யாசீன்" என்றார் அத்தா. அவர் கூப்பிட்டது முபீனாவின் புருஷனை. "முன்னால நீ புடி."

யாசீன் மச்சானைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். அசீம் கம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்பக்கம் போனான்.

பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். முபீனா நிலைக்கதவைப் பிடித்தபடி பார்த்தாள். முன்னால் பிடித்த யாசீன் குள்ளம், மறுபக்கக் கம்பைப் பிடித்த அத்தாவும் குள்ளம். அந்தக் கூட்டத்தில் அசீம்தான் உயரம். சந்தூக் முன்பக்கம் சாய்ந்துவிடாமலிருக்க, அவன் முழங்காலை மடக்கி மடக்கியே சந்தின் முனைவரை நடந்தான்.