அமராவதியின் ஒலிப்பதிவு

செவ்வாய்க்கிழமை காலை சிவரூபிக்குப் பதிவு அலுவலகத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சங்கப் பதிவைப் புதுப்பிக்கும் படிவம் என்று தலைப்பில் இருந்தது. திறந்தாள். படிவம் வெறுமையாக இருந்தது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சொல்வதைப் பதிவுசெய்து வைக்கும் சிறிய சங்கம் அது. கிளிநொச்சியில் இரண்டு அறை, ஒரு கணினி. ஆறு வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் குரல்களை அவளே பதிந்திருந்தாள்.

மத்தியானம் ஜெயபுரத்திலிருந்து ஜெகதீஸ்வரி வந்தாள். மகனைத் தேடிக்கொண்டிருந்த அவளுடைய தாய் அமராவதி மாசியில் இறந்துபோனார்.

"அம்மாவின்ரை குரலை ஒருக்கா என்ரை போனிலை ஏத்தித் தாங்கோ, அக்கா."

சிவரூபி தேடினாள். கோப்பு இருந்தது, திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. பிறகு திரை முழுவதும் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பிரதியும் எடுத்துவிட்டோம், மூன்று நாளில் பணம் வராவிட்டால் இணையத்தில் போடுவோம்.

பிள்ளையை யார் கூட்டிப்போனது, எந்த வாகனத்தில் ஏற்றியது என்று தாய்மார் பெயர் சொல்லியிருந்த பதிவுகள் அவை.

வவுனியாவில் கணினி திருத்தும் நவ்பரை போனில் கூப்பிட்டாள்.

"முதல்ல இன்டர்நெட் வயரைக் கழட்டுங்க, தங்கச்சி. வேற ஒண்டிலயும் கை வைக்காதீங்க. வாறன்."

பின்னேரம் வந்த நவ்பர் வெகுநேரம் பார்த்தார். பிரதி வைத்திருந்த வெளி வன்தட்டும் கணினியில்தான் செருகியபடி இருந்தது. அதையும் பூட்டியிருந்தார்கள்.

"இது எந்த நேரமும் இதுலயே இருக்குமா?"

"ஓம், நவ்பர் நானா. கழட்ட மறந்திடுவன் எண்டு அப்பிடியே விட்டனான்."

"பிரதி எடுத்ததும் கழட்டி வேற வீட்டில வச்சிருக்கணும். காலையில திறந்த அந்தப் படிவத்தாலதான் உள்ளுக்கு வந்திருக்காங்க. படிவம் வந்தா அனுப்பின கந்தோருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கணும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "காசு குடுத்தாலும் திறந்து தருவாங்க எண்டு நான் சொல்ல மாட்டன். பொலிஸில முறைப்பாடு போடுங்க."

முறைப்பாடு போட்டாள். மறுநாள் வரக்கூடிய தாய்மாரை அழைத்து, தான் செய்த பிழையை மறைக்காமல் சொன்னாள். சிலர் அழுதார்கள். பணம் சேர்ப்போம் என்றார் ஒருவர். சிவனேஸ்வரி எழும்பினார். இரண்டு மகன்களைத் தேடுகிறவர்.

"உன்ரை பிள்ளையைக் காட்டுறன் எண்டு எத்தினை பேர் என்னட்டைக் காசு வாங்கினவங்கள் தெரியுமே? தாலியையும் வித்துக் குடுத்தனான். ஒருத்தனும் காட்டேல்லை. இவங்களுக்கு நான் குடுக்க மாட்டன்."

அதற்குப் பிறகு யாரும் பணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் கழிந்தது. பத்தாம் நாள் பதினேழு பதிவுகள் இணையத்தில் வந்தன. அந்தப் பதினேழு வீடுகளுக்கும் சிவரூபி நேரே போய்ச் சொன்னாள். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு தாய் அன்றைக்கே மகளை ஓமந்தையில் இருக்கும் தங்கையிடம் அனுப்பினார்.

அலுமாரியில் கிடந்த பழைய பென்டிரைவில் முதல் வருடத்தின் முப்பத்தெட்டுப் பதிவுகள் கிடைத்தன. அமராவதி அதில் இல்லை.

சிவரூபி ஜெயபுரத்துக்குப் போனாள். ஜெகதீஸ்வரி கதிரை எடுத்துப் போடவில்லை.

"பத்திரமா இருக்கும் எண்டு அம்மாட்டைச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான்."

"அண்ணாவைப் பற்றி அவா எங்களோடை கதைக்கிறேல்லை. உங்களுக்கு மட்டும்தான் சொன்னவா."

சிவரூபி முற்றத்திலேயே நின்றாள். அமராவதி மூன்று மணித்தியாலம் பேசியபோது எதிரே இருந்தவள் அவள். ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்: போர் முடிந்தபோது சனம் கடந்த வட்டுவாகல் பாலம், ஆமி பெயர் கூப்பிட்ட இடம், மகன் திரும்பிப் பார்த்தது. சில இடங்களில் ஒழுங்கு மாறியது. அண்ணா போட்டிருந்த சேட்டின் நிறத்தை ஜெகதீஸ்வரி கேட்டாள்.

அமராவதி அதைச் சொல்லியிருந்தார். சிவரூபிக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"தெரியேல்லை, ஜெகதீஸ்வரி."

அவள் தலையசைத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.