சாமி மாடத்துச் சீசா

இது நடந்தது ஐம்பத்து மூன்றிலா நான்கிலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சில பேச்சுகளை நானே நிரப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் மருதாத்தாள் அடுப்படியில் விழுந்தது வளர்பிறை ஏழாம் நாள். அதில் சந்தேகமில்லை. அந்த வீட்டாரின் அறிவு வெளிச்சத்துக்கு வந்ததே அந்தத் திதியால்தான்.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி ஊர்க் குப்பண்ணனின் மனைவி அவள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டும் அமாவாசையை ஒட்டி. மாமியார் பூவாத்தாள் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"மூணு மாசம் வலிப்பு வந்து கீழ உழுகாம இருந்து காட்டு. பொறவு புள்ளையத் தூக்கு."

பால் கொடுக்கும்போதுகூடப் பக்கத்தில் காவல் இருந்தாள்.

பாலக்காட்டு டாக்டர் பழுப்புச் சீசாவில் மாத்திரை கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது, மூடியை இறுக்கி ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்றார். குப்பண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதில் அவன் கெட்டிக்காரன்.

வீடு சேர்ந்ததும் சீசா சாமி மாடத்தில் ஏறியது. வெள்ளிதோறும் பூவாத்தாள் மூடியைத் திறந்து, வேப்பிலையால் தீர்த்தம் தெளித்து, ஒரு சிட்டிகை திருநீறும் போட்டாள். மாத்திரைக்குச் சக்தி ஏற வேண்டாமா? குப்பண்ணனோ அமாவாசையை ஒட்டி மூன்று நாள்தான் எடுத்துக் கொடுத்தான்.

"ஏனுங்க, தெனமும்னு சொன்னாருங்களே?"

"வலிப்பு வர்றது அமாவாசைக்கு. மத்த நாளு தின்னு என்ன பண்றது?"

"உங்களுக்கு அமாவாசைக்கு மட்டும் சோறு போட்டாப் போதுங்களா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஐந்தாவது வரை படித்த மனுசன் என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். என்ன படித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, நெல் அவிக்கும் அடுப்பருகே விழுந்தாள். முழங்கை வெந்தது. கண் திறந்தபோது தாயும் மகனும் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாள் தப்பியில்ல வந்திருக்குது," என்றாள் பூவாத்தாள், வலிப்பு ஏதோ வாக்குத் தவறிவிட்டதைப் போல.

"அதுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதுங்க அத்தை. பாவம்."

மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சீசாவோடு மறுபடி பாலக்காட்டுக்குப் போனார்கள். டாக்டர் அதைக் குலுக்கினார். சத்தமே இல்லை. உள்ளே மாத்திரைகள் கரைந்து, ஒரே கட்டியாக இறுகி, நடுவில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. அதையும் குப்பண்ணனையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். கை எரிச்சலிலும் மருதாத்தாளுக்கு அந்தப் பார்வை இனித்தது. புதுச் சீசாவை டாக்டர் அவள் கையிலேயே கொடுத்தார்.

அதைத் தன் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

"சாமி முன்னால வெக்காம?"

"சாமிக்கு வலிப்பு இல்லீங்க அத்தை. எனக்குத்தான்."

விளக்கு வைத்ததும் ஒரு மாத்திரை. விரத நாளிலும், காய்ச்சல் நாளிலும். மூன்று அமாவாசை தாண்டியது. மறுநாள் காலை மருதாத்தாள், எதுவும் கேட்காமல், மாமியார் இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்தாள். பூவாத்தாளின் கை ஒரு கணம் இறுகி, பிறகு விட்டது.

டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலானார். பூவாத்தாள் ஏழெட்டு வருடம் கழித்துக் காய்ச்சலில் இறந்தாள். கடைசி வாரம் மருந்தை மருமகள் கையால் மட்டுமே குடித்தாள். குழந்தை முத்தாத்தாளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மருதாத்தாள் அப்புறம் விழவே இல்லை. அது தீர்த்தத்தின் பலன் என்று குப்பண்ணன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.